கண்ணாடிப் பாறை பற்றி ஒரு கடிதம்

பாடநூல் அலுவலகத்தில் அவருக்குக் ‘கமா சார்’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். ஒரு காற்புள்ளி இடம் மாறி விழுந்துவிட்டால் அச்சகத்துக்குப் போன் போட்டு ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிற மனிதர். இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் பாடம் எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும்தான் அவர் வேலை. தன் கை பட்ட பக்கத்தில் பிழை இருக்காது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

புதிய பதிப்புக்கு முன்னால் பாடங்களை வெளியாட்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது என்று அந்த வருஷம் ஒரு ஏற்பாடு வந்தது. எட்டாம் வகுப்பில் ‘நெருப்பில் பிறந்த கற்கள்’ என்ற பாடம் அவர் எழுதியது. ஆறு பக்கம். அதைப் படித்த பாறை ஆய்வாளர் அம்மாள் ஒருவர் நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். மரியாதை தெரிந்தவர். ஓரிடத்திலும் ‘தவறு’ என்று எழுதவில்லை. ‘மக்களிடையே பரவலாக உள்ள எண்ணம்’ என்று ஆரம்பித்து, பக்கத்திலேயே உண்மை இன்னது என்று எழுதியிருந்தார்.

எரிமலைக் குழம்பு பூமியின் நட்டநடு மையத்திலிருந்து பொங்கி வருகிறது என்று பாடம் சொன்னது. அது பரவலான எண்ணம். எரிமலையில் பிறந்த கல் எல்லாம் கறுப்பு என்று சொன்னது. அதுவும் பரவலான எண்ணம். இதுவரைக்கும் கமா சார் பென்சிலால் குறித்துக்கொண்டு நிதானமாகத்தான் படித்தார். மூன்றாவது குறிப்பில் கை நின்றுவிட்டது.

‘குழம்பு தண்ணீரில் விழுந்து சட்டென்று ஆறுவதால்தான் கண்ணாடிப் பாறை உண்டாகிறது என்பது பரவலான எண்ணம். ஆறும் வேகம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் குழம்பில் என்ன கலந்திருக்கிறது என்பது. மணலில் உள்ள அதே சத்து மிகுந்த குழம்பு பாகுபோல் கெட்டியாக இருக்கும். படிகம் கட்ட அதற்குள் இடம் கிடைக்காது. மெதுவாக ஆறினாலும் அது கண்ணாடியாகவே உறையக்கூடும்.’

நான்காவது, தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல் பற்றியது. அதிலுள்ள துளைகள் கடல்நீர் புகுந்து அரித்தவை அல்ல, குழம்புக்குள்ளேயே கரைந்திருந்த வாயு மேலே வரும்போது பொங்கிய குமிழிகள் என்று எழுதியிருந்தது.

இந்த இரண்டையும் அவர் ஏற்கெனவே படித்திருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நீல மையில், கோடு போட்ட தாளில். எழுதியவள் அவருடைய அக்கா.

அக்கா பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக்கல் தூளும் நிறுத்துக் கலந்து உலைக்கு அனுப்புகிற கலவைக்கூடம் அவள் இடம். பள்ளிப்படிப்போடு உள்ளே போனவள், பத்து வருஷத்தில் அந்தக் கூடத்துக்கே பொறுப்பாளி ஆனாள். பாட்டிலில் ஒரு குமிழி தெரிந்தாலும் உலைக்காரர்கள் “அளவக்காவைக் கூப்பிடு” என்பார்கள். அவள் அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எது கூடிப்போயிற்று, எது குறைந்துபோயிற்று என்று சொல்வாள். சொன்னால் சொன்னதுதான்.

அவருக்குப் பதவி உயர்வு வந்த மாதம், அலுவலக நண்பர்கள் ஆறேழு பேரை ஒரு மதியம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். அக்காவும் மகளோடு வந்திருந்தாள். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. சாப்பாட்டுக்கு நடுவே யாரோ அந்தக் கல் பாடத்தைப் புகழ்ந்தார்கள். அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“பாடம் நல்லா இருக்குடா. ஆனா அந்தக் கண்ணாடி விஷயம் சரியாப் படல. நாங்க பாட்டிலை ஒரு மணி நேரத்துக்கு மேல மெள்ள மெள்ளத்தான் ஆற வைக்கிறோம். உலையை ரிப்பேருக்கு மூடினப்ப பத்து நாள் தானா ஆறுச்சு. அடியில கிடந்த கட்டி அப்பவும் கண்ணாடிதான். வேகத்துல மட்டும் இல்லடா, கலவையில இருக்கு.”

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்குக் காது சூடாகிவிட்டது.

“அக்கா, நீ பாட்டிலைப் பாத்துக்கோ. மலையை நான் பாத்துக்கறேன்” என்றார்.

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அக்காவும் சிரித்தாள். அதற்கப்புறம் சாப்பிட்டாளா என்று அவர் கவனிக்கவில்லை.

மாதம் ஒன்று கழித்து, அலுவலகத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. இயக்குநர் பெயருக்கு; ஆனால் பாடம் பற்றிய தபால் எல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். நாலு தாள், கூடவே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்று பச்சையாய்த் தெளிந்தது. இன்னொன்று சுண்ணாம்பு கூடிப்போய்ப் பால் மாதிரி வெளுத்து, மணி மணியாகப் படிகம் கட்டி உறைந்தது. இரண்டும் ஒரே உலையில் ஒரே மாதிரி ஆறியவை என்றும், எட்டாம் வகுப்புப் பாடத்தின் இரண்டு வாக்கியங்களை நிபுணர் யாரிடமாவது காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். பாடம் எழுதியவர் தன் தம்பி என்று ஒரு சொல் இல்லை. அவர் பெயரே இல்லை.

அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? அவருடைய கல்லூரி விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்த கை அது. படித்தார். இரண்டு முறை படித்தார். அந்தப் பாடத்துக்காகத்தான் பதவி உயர்வே வந்தது என்று அலுவலகத்தில் பேச்சு. அதை இப்போது கிளறினால் நன்றாகவா இருக்கும்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாள்களைக் கோப்பில் செருகினார். இயக்குநர் கண்ணில் அது படவே இல்லை. கண்ணாடித் துண்டுகளை ஜன்னலோரம் வைத்தார்; கூட்டுகிறவர் ஒருநாள் குப்பையோடு வாரிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்கும் அவருக்கும் சண்டை என்று ஒன்றும் வரவில்லை. போக்குவரத்து குறைந்தது, அவ்வளவுதான். முதலில் வாரத்துக்கு ஒரு முறை பேசினார்கள், பிறகு மாதத்துக்கு ஒரு முறை. சௌக்கியமா, சௌக்கியம். மகள் வேலைக்குப் போகிறாளா, போகிறாள். இருமல் அதிகமாகி அக்கா வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, “நல்லா ரெஸ்ட் எடு” என்றார். அத்தோடு சரி.

ஆய்வாளரின் குறிப்பைப் படித்த அன்று அவருக்கு வேலை ஓடவில்லை. மதியம் பழைய கோப்பு அறைக்குப் போய்த் தூசிக்குள் இரண்டு மணி நேரம் தேடினார். நாலு தாளும் செருகியபடியே இருந்தன. குண்டூசி மட்டும் துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை இறக்கியிருந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் அக்கா மகள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

“வாங்க மாமா” என்று வழிவிட்டாள். உள்ளே ஏதோ ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், சின்ன அலமாரி உயரத்துக்கு வெள்ளையாய் ஒரு இயந்திரம். அதிலிருந்து புறப்பட்ட குழாய் தலையணை மேல் வளைந்து அக்காவின் மூக்கில் முடிந்தது. தலையணை மூன்று அடுக்கு. அதில் சாய்ந்திருந்த அக்கா பாதியாகியிருந்தாள்.

“என்னடா,” என்றாள் அக்கா. ஒரு மூச்சு வாங்கினாள். “வழி தவறி வந்துட்டியா?”

அவர் இயந்திரத்தையே பார்த்தார். “இது எப்பலேருந்து?” என்று மகளிடம் கேட்டார்.

“அஞ்சு மாசமாச்சு மாமா. மூச்சு விடக் கஷ்டப்படறாங்கன்னு போன்ல சொன்னேனே. ஆவி பிடிக்கச் சொல்லுன்னீங்க.”

சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஏதோ மெய்ப்புத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

கலவைக்கூடத்து மணல்தூசி முப்பது வருஷமாக நெஞ்சுக்குள் போய் நுரையீரலை இறுக்கிவிட்டதாக டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மகள் சொன்னாள். மருந்து இல்லை. மூச்சுக்குத் துணையாக இந்த இயந்திரம் மட்டும்.

“கம்பெனி மணல்ல பாதி,” என்றாள் அக்கா, “என்கூடவே வீட்டுக்கு வந்துடுச்சு போல. கேட்ல யாரும் செக் பண்ணல.” சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்க ரொம்ப நேரமாயிற்று. மகள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்திருப்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் இருந்தார்.

மகள் டீ போடப் போனதும், பையிலிருந்து ஆய்வாளரின் குறிப்பை எடுத்தார். “ஒண்ணு படிச்சுக் காட்டட்டுமா அக்கா?” என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

கண்ணாடிப் பாறையைப் படித்தார். “ம்” என்றாள். நுரைக்கல்லைப் படித்தார். “அதேதான். சுண்ணாம்பும் சோடாவும் உலையில வேகறப்போ வாயு விடும். பாகு கெட்டியா இருந்தா குமிழி மேல வர முடியாது, உள்ளேயே நின்னுடும்.” இதைச் சொல்ல அவளுக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது. பூமியின் மையம் பற்றிய குறிப்புக்கு வந்தபோது கண்ணைத் திறந்தாள்.

“நடுவுலேருந்து வரலியா? நானும் அப்படித்தான்டா நெனச்சிருந்தேன். அப்ப எங்கேருந்து வருது?”

“அவ்வளவு ஆழத்துலேருந்து இல்லையாம். நமக்குக் கீழ முக்கால்வாசியும் உருகாத கல்லுதானாம்.”

“அத்தனை சூட்டுலயுமா?”

“மேலேருந்து அமுக்கற பாரம் உருக விடாதாம். எங்கேயாவது பாரம் குறையறப்போ கொஞ்சம் உருகுது. அதுதான் மேல வருதாம்.”

“அட!” என்றாள். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அதையே யோசித்தாள். நோயெல்லாம் எங்கேயோ போய், வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிற பழைய முகம் ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போனது.

அதைப் பார்த்தபிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. “அக்கா, நீ அப்ப ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினியே... அது எங்கிட்டதான் வந்துச்சு.”

“தெரியும்.”

“தெரியுமா? யாரு சொன்னா?”

“பதிவுத் தபால்லடா அனுப்பினேன். போய்ச் சேந்துச்சுன்னு ஒரு அட்டை திரும்பி வருமே. அதுல உன் கையெழுத்துதான் இருந்துச்சு.”

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தபால் வாங்குகிற பெண் அன்றைக்கு வரவில்லை. வாசலில் நின்ற தபால்காரரிடம் பத்துப் பதினைந்து உறைகளுக்கு மளமளவென்று அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். ஆக, பன்னிரண்டு வருஷமும் தெரிந்தே, சௌக்கியமா என்று கேட்டதற்கெல்லாம் சௌக்கியம் என்று சொல்லியிருக்கிறாள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா.”

“என்னன்னு கேக்கறது?” அவள் குரல் ஏறவில்லை. ஏற்றுவதற்கு மூச்சும் இல்லை. “தப்புன்னு ஒத்துக்கச் சொல்லலடா. கடிதம் வந்தது, பாக்கறோம்னு ஒரு வரி. அது போதும். ஊர்ல யார் யாருக்கோ எழுதற. அன்னைக்குச் சாப்பிடறப்போ சிரிச்சது எனக்குப் பெரிசா படல. நாலு பேர் முன்னால நானும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா கடிதம் நாலு பேர் இல்லாத இடம். நீயும் தாளும் மட்டும்தான். அங்கேயும் நீ...”

முடிக்கவில்லை. மூச்சு போதவில்லையா, வேண்டாம் என்று விட்டாளா தெரியாது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாற்பத்தொன்பது வயசு ஆள், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். மகள் டீயோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“விடு. டீ ஆறுது பாரு, குடி” என்றாள் அக்கா.

அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பாடத்தைப் புதிதாக எழுதி, பத்தி பத்தியாகக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். முதல் வாரம் அவள் ஒரு வரியை மாற்றச் சொன்னாள். “பாகுன்னு எழுது. குழம்புன்னா எல்லாக் குழந்தையும் தண்ணியா நெனச்சுக்கும்.” மாற்றினார். இரண்டாவது வாரம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். மூன்றாவது வாரம் அவர் படிக்கவே இல்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அந்த வியாழக்கிழமை மதியம் அக்கா போய்விட்டாள். அவர் அட்டைப்படக் கூட்டத்தில் இருந்தார். வெளியே வந்து போனைப் பார்த்தபோது அக்கா மகளிடமிருந்து ஏழு அழைப்புகள்.

பத்து நாள் கழித்து மறுபடி அந்த மூன்று மாடி ஏறினார். வாடகை இயந்திரத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். அறையில் உறுமல் இல்லை. கட்டில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தாள். அவர் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

“பாடம் அச்சுக்குப் போகுதும்மா. கீழே ஒரு வரி, அம்மா பேரைப் போட்டு நன்றின்னு... ஆய்வாளர் பேரையே போடறதில்லைன்னு இயக்குநர் சொல்றார். நான் விடப்போறதில்லை. மேல வரைக்கும் எழுதறேன்.”

“எதுக்கு மாமா?”

அவர் சுருட்டி வைத்த மெத்தையைப் பார்த்தார்.

“அந்த அட்டை வந்தப்பறமும்,” என்றாள், குழாயைச் சுருட்டிக்கொண்டே, “ஒரு வருஷம் லீவு நாள்ல எல்லாம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு அம்மா கீழே இறங்கிப் போவாங்க. காய் வாங்கப் போறேன்னு சொல்லுவாங்க. கை வீசிக்கிட்டுத் திரும்பி வருவாங்க. தம்பிக்கு வேலை அதிகம், எழுதுவான்னு ஒருநாள் அவங்களாவே சொன்னாங்க. நான் கேக்கவே இல்லை. இப்ப பேரைப் போட்டா யாரு மாமா படிக்கப் போறா?”

 அவள் அவரைப் பார்க்காமலே இன்னும் கொஞ்சம் பேசினாள். அந்த வருஷம் தேர்வில் அம்மா சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதியதும், உனக்கு யார் இப்படிச் சொன்னது என்று டீச்சர் கேட்டதும், பாட்டில் கம்பெனி அம்மா என்று இவள் சொல்ல வகுப்பே சிரித்ததும்.

“வீட்டுக்கு வந்து நோட்டைத் தூக்கி எறிஞ்சேன் மாமா. பாட்டில் கம்பெனிக்காரி உனக்கு எதுக்கு மலைன்னு கேட்டேன். நீங்க சொன்னதையேதான் சொல்லியிருக்கேன், பாருங்க. மறுநாள்தான் அந்தக் கடிதத்தை எழுத உக்காந்தாங்க. அப்பறம் என் புத்தகத்தைத் தொடவே இல்லை. நானும் அதைப் பத்தி ஒருநாளும் பேசலை. இந்த ரூம்ல அஞ்சு மாசம் ராப்பகலா கூட இருந்தேன். பேசலை.”

அவள் அழவில்லை. குழாயை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். அவர் கிட்டே போய் அவள் தலையில் கை வைத்தார். அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை.

இயந்திரம் பார்வைக்குச் சின்னதுதான், தூக்கினால் பாரம். அவர் மேல்பக்கம் பிடிக்க, அவள் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னால் பின்னாலாக இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். “படி பாத்து மாமா” என்றாள் இரண்டு மூன்று முறை. ஆட்டோவில் இருவருக்கும் நடுவே அதை வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கடைக்காரர் வயர் இருக்கிறதா, சக்கரம் உருளுகிறதா என்று பார்த்தார். பிறகு பக்கவாட்டில் இருந்த சின்னக் கண்ணாடிக்குள் தெரிந்த எண்களைக் குனிந்து படித்து நோட்டில் எழுதினார்.

“நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு மணி நேரம் ஓடியிருக்கு” என்றார். “பகல் ராத்திரின்னு நிறுத்தவே இல்லை போல. யாருக்கு எடுத்தீங்க?”

“எங்க அக்காவுக்கு” என்றார் அவர்.

“இப்ப பரவாயில்லையா? மிஷின் இல்லாம மூச்சு விடறாங்களா?”

அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அக்கா மகள்தான் முன்னால் வந்து, “இல்லைங்க, அம்மா தவறிட்டாங்க” என்றாள். கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.  உட்காருங்கள் என்று இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.